ஜெரினாக்கா பார்த்த நண்டுதின்னி

மிர்ரர்லெஸ் கேமராவும் டெலி லென்ஸும் வைத்துக்கொண்டு பறவைகளைத் துல்லியமாகப் படமெடுப்பது எப்படி என்று பின்னூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். 2009 டிசம்பரின் கடைசி ஞாயிறு கோவளம் முகத்துவாரத்துக்குப் போய்வந்தேன். அந்த ஒரு காலையில் ஒரு படம் என்னென்ன விதமாகக் கெடுமோ அத்தனை விதமாகவும் கெட்டது. ஆகவே கேட்டதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது. அவசரக்காரர்கள் நேரே கடைசிப் பகுதிக்கு ஓடிவிடலாம், எனக்குக் கோபமில்லை. அதாவது, கொஞ்சம் கோபம்தான்.

முந்தின நாள் சாயங்காலம் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டால், ஜெரினாக்கா மூச்சு வாங்கப் பேசுகிறார்.

"பேச்சி, வந்துகீதுடி! நண்டுதின்னி வந்துகீதாம்! ஏழுமல இப்பதான் போன் பண்ணான். காலைல முகத்துவாரத்தாண்ட வந்தா பாத்துடலாமாம். அந்தப் புதுக் கேமராவ எடுத்துகினு மொத பஸ்ஸுக்கே வந்துடு."

"நெசமாவாக்கா? அவரு கண்ணால பாத்தாராமா?"

"பாக்காமயா போன் பண்ணுவான்? வெக்கிறேன், சோறு அடுப்புல கீது."

நண்டுதின்னி என்பது ஒரு பறவை. தலையும் உடம்பும் வெள்ளை, கறுப்பு முதுகு, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் நெட்டைக் கால்கள், நண்டு ஓட்டை உடைப்பதற்கென்றே செய்துவைத்தாற்போல் தடித்த கறுப்பு அலகு. எங்கள் பக்கத்துக் கரையில் அது தட்டுப்படுவது அபூர்வம். அதை ஜெரினாக்கா ஒரே ஒரு முறை, 1994இல் பார்த்தார். அவர் பார்த்ததை யாரும் நம்பவில்லை. இந்தப் பயணமே அதற்காகத்தான்.

ஜெரினாக்காவை எனக்கு 1992 முதல் தெரியும். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் எக்ஸ்ரே அறையில் வேலைக்குச் சேர்ந்தேன், அவர் ஓ.பி. சீட்டு எழுதும் கவுண்ட்டரில் இருந்தார். நான் அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்த புதிது, இந்த ஊர்ப் பேச்சு பிடிபடவில்லை. முதல் நாள் அவர் என்னைப் பார்த்து "நாஸ்தா ஆச்சா?" என்று கேட்டார். ஏதோ வியாதியின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, "எனக்கு அதெல்லாம் வந்ததே இல்லக்கா" என்றேன். காலைப் பலகாரத்துக்கு இங்கே அதுதான் பெயர். அன்று மதியத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கச் சிரித்து முடித்துவிட்டது. சிரித்து முடித்த கையோடு, தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என்னைக் கொளவாய் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். "அங்க பாரு, முக்குளிப்பான்" என்று அவர் கை காட்டிய அந்த மதியத்தில் எனக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. இன்னும் தெளியவில்லை.

கேமராவும் அவர் வழி வந்ததுதான். துபாயிலிருந்த அவருடைய தம்பி ஒரு ஃபிலிம் கேமராவும் 300 மி.மீ. லென்ஸும் கொண்டுவந்து கொடுத்தார். லென்ஸை ஒரு கையில் தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். ஜெரினாக்கா அதைத் தொடவே மாட்டார். "எனக்குக் கண்ணு போதும், படம் நீ புடி" என்று என் தலையில் கட்டிவிட்டார். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். முழுசாக எடுத்து முடித்து, கழுவி வாங்கிப் பார்க்கும்போதுதான் தெரியும், நாம் எடுத்தது கொக்கா, பஞ்சு மூட்டையா என்று. நாளெல்லாம் நோயாளிகளிடம் "மூச்ச இழுத்துப் புடிங்க, ஆடாதீங்க" என்று அதட்டுகிறவள் எடுக்கும் படம் எல்லாமே ஆடியிருக்கும். "ஊருக்கெல்லாம் ஆடாதங்கிற, நீ ஏண்டி இந்த ஆட்டம் ஆடுற?" என்று அவர் கேட்பது ஒவ்வொரு சுருளுக்கும் உண்டு. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. கையில் காசு இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்தது, வேடந்தாங்கல் பஸ் இருந்தது, ஜெரினாக்கா இருந்தார்.

அந்த 1994 ஜனவரிக் காலை நாங்கள் கோவளம் முகத்துவாரத்தில் இருந்தோம். வெயில் ஏறிவிட்டிருந்தது. சுருள் முடிந்துபோய், மணல் உள்ளே போய்விடாமல் முந்தானையால் மூடிக்கொண்டு, குனிந்து புதுச் சுருள் மாட்டிக்கொண்டிருந்தேன். ஜெரினாக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பேச்சி! நண்டுதின்னிடி! திட்டு மேல!" சுருளின் நாக்கு பல்சக்கரத்தில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. மாட்டி, மூடி, நிமிர்ந்தபோது திட்டு மேல் ஒன்றுமில்லை. கடல் பக்கம் பறந்துவிட்டதாகச் சொன்னார்.

சென்னையில் அப்போது நாங்கள் சேர்ந்திருந்த பறவை ஆர்வலர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். வட்டத்தின் தலைவர் கேட்டார்: "போட்டோ இருக்கா? கூட இருந்தவங்க பாத்தாங்களா?" நான் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தேன் என்று இருந்ததைச் சொன்னேன். "தலை எப்படி இருந்துச்சு?" உச்சி கறுத்திருந்தது, இளம் பறவையாக இருக்கலாம் என்றார் ஜெரினாக்கா. தலைவர் புன்னகையோடு, "ஆசைப்பட்டா கண்ணுக்குத் தெரியத்தான்மா செய்யும். நம்ம பதிவுல கற்பனைக்கு எடமில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜெரினாக்கா அதற்கப்புறம் அந்தக் கூட்டத்துக்குப் போகவேயில்லை.

"என்னிய புளுகுனின்னு சொல்லிட்டாண்டி" என்பதை ஒவ்வொரு குளிர்காலமும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு குளிர்காலமும் அதே இடத்துக்கு நாங்கள் போயிருக்கிறோம். நண்டுதின்னி வந்ததில்லை. இப்போது அவர் ஓய்வு பெற்று, கோவளத்தில் குடியிருந்த வீட்டையும் விற்று, வியாழக்கிழமை ஆம்பூருக்கு மகள் வீட்டோடு போகிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை விட்டால் வேறு ஞாயிறு கிடையாது. போவதற்கு முன்னால் தெளிவாக ஒரே ஒரு படம், அதை அந்த மனுஷர் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. எனக்கும்தான்.

கேமரா பற்றி. சிறுசேரியில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி, ஜப்பானுக்கு ஆன்சைட் போய்த் திரும்பும்போது வாங்கிவந்தது. இந்த வருஷம்தான் கடைக்கு வந்த மாடல். உள்ளே கண்ணாடி கிடையாது, கண்ணை ஒட்டிப் பார்க்கும் துளையும் கிடையாது. முதுகிலிருக்கும் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு அடாப்டர் வளையம் போட்டால் பழைய 300 லென்ஸ் இதில் உட்கார்ந்துவிடுகிறது. சென்சார் சிறியது என்பதால் 600 போட்ட மாதிரி பறவை பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆட்டோ ஃபோகஸ் இல்லை, கையால்தான் திருக வேண்டும். ஆனால் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் பறவையின் கண் மட்டும் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துத் திருகலாம். பதினைந்து வருஷம் இதற்காக அல்லவா தவம் கிடந்தேன்!

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் அதிகாலை 5.15க்கு மாமல்லபுரம் வண்டி. திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் கோவளம் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். நான் வேண்டுமென்றே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு கடற்கரை வழி போவேன்; ஞாயிறு அதிகாலையில் அந்தப் பக்கம் வண்டி தவறாமல் கிடைக்கும். வழியில் திருக்கழுக்குன்றம். மலை மேல் இரண்டு கழுகுகள் உச்சி வேளையில் சோறு உண்ண வந்துகொண்டிருந்த காலத்தில் நானும் ஜெரினாக்காவும் அந்தப் படி ஏறிப் பார்த்திருக்கிறோம். அது நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பஸ் மலையைத் தாண்டும்போது இன்னும் என் கழுத்து தானாக மேலே திரும்புகிறது, வெட்கக்கேடு.

மாமல்லபுரத்தில் 6.20க்கு இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, ஈ.சி.ஆர். வழியாக அடையாறு போகும் பஸ் பிடித்தேன். கோவளம் இருபது கிலோமீட்டர். தொண்ணூறுகளில் இந்தச் சாலையில் இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. பஸ் ஜன்னல் வழியாக மீன்கொத்தி எண்ணிக்கொண்டே வருவோம். இப்போது ரிசார்ட் மதில்களை எண்ணலாம். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

நிறுத்தத்தில் ஜெரினாக்கா ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தார். தர்கா தாண்டி, மாதா கோயில் தாண்டி, படகுகள் ஏற்றிவைத்திருக்கும் மணல் வழியாக வடக்கே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் முகத்துவாரம். முட்டுக்காட்டுக் காயல் கடலில் சேருமிடம். அக்காவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அன்று அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓடவேண்டியிருந்தது.

தூரத்திலேயே ஏழுமலை தெரிந்தார். அக்காவுக்கு அடுத்த தெருக்காரர், வலைக்குப் போகிறவர். கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் செல்போன் தொங்க, ஒரு கூடை பக்கத்தில் நின்றுகொண்டு கையை ஆட்டினார்.

"எங்கடா? எங்க கீது?" என்று அக்கா கிசுகிசுப்பாகக் கேட்டார். சத்தம் போட்டால் பறந்துவிடுமாம்.

"தோ, இங்கதான்" என்று ஏழுமலை கூடை மேலிருந்த ஈரச் சாக்கை எடுத்தார். உள்ளே நண்டு. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு, நீல நீலமாய்.

"இன்னாடா இது?"

"நண்டுக்கா! நீதான மூணு வருசமா, 'ஏழுமல, நண்டுதின்னி, நண்டுதின்னி, வந்தா சொல்லு'ன்னு உசுர வாங்கிகினு இருந்த?"

"டேய், அது பறவைடா!"

"பறவையா?" ஏழுமலை என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "உங்க பாய் வூட்டுங்கள்ல நண்டு துன்ன மாட்டீங்கன்னு எனக்கும் தெரியும்க்கா. சரி, ஊர வுட்டுப் போகச் சொல்லோ யாருக்கும் தெரியாம ஆசைப்படுதுன்னு நெனச்சுகினேன். அதான் நண்டு வந்துகீது, ராத்திரி வலையில பெருசு பெருசா மாட்டும்னு முன்னாடியே போன் போட்டேன்."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஜெரினாக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்தார், மறுபடி துடைத்தார், அப்புறம் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. ஏழுமலைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் தப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்துவிட்டது. "இன்னா மேடம், பேஜாரா பூட்ச்சா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"வந்தது வந்தாச்சு, இருந்துட்டுப் போவோம்க்கா" என்றேன். இருந்தோம். ஆலாக்கள் தலைக்கு மேல் நின்று நின்று நீருக்குள் பாய்ந்தன. உள்ளான்கள் அலையோடு ஓடிப்போய் அலையோடு ஓடிவந்தன. ஏழுமலை என் கேமராவைப் பார்த்து விசாரித்தார். கண்ணாடி இல்லாத கேமரா என்று சொன்னேன். "இம்மாம் பெரிய கண்ணாடிய மூஞ்சிக்கு முன்னால வெச்சுகினு கண்ணாடியில்லன்றியே மேடம்" என்றார். லென்ஸும் கண்ணாடி, மிர்ரரும் கண்ணாடி என்றால் மனுஷன் என்ன செய்வார். அடாப்டர் வாங்கப் போனபோது கேமராக் கடைக்காரரே இதே கேள்வியைத்தான் கேட்டார்.

பத்தரை மணி இருக்கும். மணல் கொதிக்க ஆரம்பித்திருந்தது. கிளம்பலாமா என்று வாயெடுத்தேன். என் தோளில் ஒரு பிடி விழுந்தது.

"பேச்சி. திட்டு மேல."

காயலுக்கு நடுவே மணல் திட்டு. அதன் நுனியில் ஒற்றையாய் ஒரு பறவை. வெள்ளை உடம்பு, கறுப்பு முதுகு, உயரக் கால். எங்களைப் பார்த்து அசையாமல் நின்றது. அலகு கறுப்பாய், தடியாய்.

"அதேதாண்டி," என்றார் அக்கா. "அதே எடம். அதே மாதிரி நின்னுகினு கீது. எடு, எடு."

வெயிலில் திரை ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. அக்கா தன் துப்பட்டாவை என் தலை மேலும் தன் தலை மேலும் சேர்த்துப் போர்த்தினார். இருட்டுக்குள் திரை தெரிந்தது. லென்ஸை எதன் மேல் வைப்பது? ஏழுமலை கூடையை நகர்த்திக் கொடுத்தார். அதன் மேல் வைத்து, பெரிதாக்கிப் பார்த்து, திருகி, மூச்சைப் பிடித்து அழுத்தினேன். படம் ஆடியிருந்தது. மறுபடி. மறுபடியும் ஆடியிருந்தது. கூடைக்குள் நண்டு நடக்க நடக்க மேலே லென்ஸும் நடந்துகொண்டிருந்தது! "தூக்குய்யா இத!" என்று கத்தினேன். துணிப்பையில் மணலை அள்ளிப் போட்டு, குப்புறப் படுத்து, பை மேல் லென்ஸை அழுத்தி வைத்தேன்.

அப்போதும் இழுவியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மெனுவுக்குள் போய்த் தேடினேன். இந்தக் கேமராவுக்குள் ஆட்டத்தைத் தாங்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஆனால் பழைய லென்ஸ் தான் எத்தனை மி.மீ. என்று அதனிடம் சொல்லாது, நாம்தான் எண்ணைப் போட வேண்டும். தம்பி தன் சின்ன லென்ஸுக்கு 50 என்று போட்டு வைத்தது அப்படியே இருந்தது. 300 என்று மாற்றினேன். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு ஏற்றினேன்.

இப்போது ஆட்டம் போய்விட்டது. ஆனாலும் பறவையின் ஓரமெல்லாம் கரைந்தாற்போல், கால்கள் நெளிந்தாற்போல் இருந்தது. அது கானல். சுட்ட மணலுக்கு மேல் காற்று கொதித்துக்கொண்டிருக்கும்போது எத்தனை லட்சம் கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அதற்குள் ஊடுருவ முடியாது. ஆனாலும் அந்தப் படத்தில் நண்டுதின்னி தெரிந்தது. தடித்த கறுப்பு அலகு நன்றாகவே தெரிந்தது.

"கிட்ட வரும்," என்றார் அக்கா. "தண்ணி வத்திகினு கீது. நாம போனா பறந்துடும். அசையாம இரு, அதுவா வரும்."

முக்கால் மணி நேரம் படுத்திருந்தோம். ஏழுமலை கூடையை விட்டுவிட்டுப் படகுப் பக்கம் போய்விட்டார். பறவை திட்டிலிருந்து இறங்கியது. ஆழமில்லாத தண்ணீரில் எங்கள் பக்கமாக நடந்து வந்தது. வந்துகொண்டே மேய ஆரம்பித்தது. தலையைத் தாழ்த்தி, இடமும் வலமுமாக, கதிர் அறுப்பது போல வீசி வீசி.

என் தோளில் இருந்த கை நழுவியது.

நான் திரையில் அதன் கண்ணைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிகிற வரை திருகினேன். அழுத்தினேன். பத்துப் பன்னிரண்டு படம் எடுத்திருப்பேன். பிறகு துப்பட்டாவுக்குள் இருவருமாகப் பார்த்தோம். பதினேழு வருஷத்தில் நான் எடுத்ததிலேயே துல்லியமான படம் அது. இறகு இறகாக எண்ணலாம். கறுத்த உச்சி, கறுத்த பிடரி. அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். அந்த அலகு தடிமனாக இல்லை. ஊசி மாதிரி மெலிந்து, நுனி மேல் நோக்கி வளைந்திருந்தது.

"கோணமூக்கு உள்ளான்," என்றார் ஜெரினாக்கா.

கேளம்பாக்கம் உப்பளங்களில் கூட்டம் கூட்டமாக, கிட்டத்தில், இப்படித்தான் அலகை வீசி வீசி மேய்ந்துகொண்டிருக்கும்போது நாங்கள் எத்தனையோ தடவை பார்த்த பறவைதான். தனியாக, எங்களுக்கு முகம் காட்டி, கானலுக்குப் பின்னால் நின்றால் அதன் அலகு இப்படித் தடித்துத் தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது.

"அன்னிக்கும் இதாண்டி," என்றார். "இதே எடம், இதே நேரம். உச்சி கறுப்பா இருந்துச்சுன்னு நானே தானே சொன்னேன்."

எனக்குத் தாங்கவில்லை. அந்தத் துல்லியமான படத்தை அப்படியே அழித்துவிட வேண்டும் போலிருந்தது. எனக்கு எப்போதுமே புத்திக்கு முன்னால் வாய் ஓடும். "அக்கா, இத அழிச்சிருவோம். மொத எடுத்தம்லா, அந்த மங்கலான படம், அத மட்டும் அனுப்புவோம். அதுல நண்டுதின்னியாத்தான் தெரியுது. ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான். அந்தாளு மன்னிப்புக் கேக்கட்டும்!"

அக்கா என்னை நிதானமாகப் பார்த்தார்.

"பாஞ்சு வருசமா நான் புளுகுனி இல்ல, பேச்சி. இத அனுப்புனா ஆயிடுவேன்."

பறவை எங்களைத் தாண்டி மேய்ந்துகொண்டே தெற்கே போனது.

அவர் அதோடு விடவும் இல்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்து, பர்ஸிலிருந்து பழைய எண் ஒன்றை எடுத்து, அந்தத் தலைவருக்கே போன் போட்டார். அவரே எடுத்தார். அக்கா, தான் யார், எந்த வருஷம், என்ன சொன்னோம், இப்போது என்ன பார்த்தோம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். "அது நண்டுதின்னி இல்ல சார். என் பேர்லதான் தப்பு. ஆனா அங்க ஒரு பறவை நெசமா இருந்துச்சு சார், அத மட்டும் சொல்லிடலாம்னு." போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வயதான குரல், மரியாதையான குரல். "அப்படியாம்மா? ரொம்ப சந்தோஷம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லியேம்மா... தொண்ணூத்தி நாலா? நீங்க யாருன்னு சொன்னீங்க?"

அக்கா மறுபடி பெயரைச் சொன்னார். அவருக்கு ஞாபகம் வரவேயில்லை. நல்லா இருங்கம்மா என்று வைத்துவிட்டார்.

போனைப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டே, "பாரேன், அவனுக்கு ஞாபகமே இல்லியாம்," என்றார். "இனிமே நான் யார் மேலடி கோவப்படறது?" சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். அப்புறம் ஃபிளாஸ்க்கைத் திறந்தால், பாழாய்ப்போன டீ ஆறிப்போயிருந்தது.

இனி நீங்கள் கேட்டது. முகத்துவாரத்துக்கு டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள்; ஆறரைக்கெல்லாம் அங்கே இருங்கள். ஒன்பதுக்கு மேல் மணல் சூடேறிக் கானல் எழும்பிவிடும், பிறகு தூரத்துப் பறவை எதையும் எடுக்காதீர்கள். பெரிய லென்ஸை விடப் பறவைக்கும் உங்களுக்கும் நடுவே காற்று குறைவாக இருப்பதுதான் முக்கியம்; அதற்கு ஒரே வழி, துரத்தாமல் படுத்துக்கிடப்பது. அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸ் மாட்டுகிறவர்கள் மெனுவில் மி.மீ. எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். ஷட்டர் ஆயிரத்துக்குக் கீழே வேண்டாம், ஐ.எஸ்.ஓ. 400 வைத்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. ஃபோகஸ் கண்ணில். லென்ஸ் மணல் பையில். நண்டுக் கூடை மேல் வைக்காதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், முகத்துவாரத்தில் கடை கிடையாது. தண்ணீர் ஏறும் நேரத்தில் திட்டுக்கு நடந்து போக வேண்டாம், இழுப்பு அதிகம். மீன் வேண்டுமென்றால் திரும்பும் வழியில் படகுகள் பக்கத்திலேயே வாங்கலாம். ஏழுமலையின் நண்டு முழுவதும் என் வீட்டுக்குத்தான் வந்தது. தம்பி குடும்பத்தையும் கூப்பிட்டுத் தின்று தீர்த்தோம்.

மேலே இரண்டு படத்தையும் போட்டிருக்கிறேன். போடச் சொன்னது ஜெரினாக்காதான். வியாழக்கிழமை அவரை வண்டியேற்றிவிடப் போனபோது இரண்டையும் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோனேன். துல்லியமான படத்தைப் பார்த்து, "நல்லா எடுத்துகீற, கடைசில ஆடாம எடுத்துட்ட" என்று மெச்சி, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மங்கலானதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "அன்னிக்கு என் கண்ணுல பட்டது இதாண்டி" என்றார்.

இப்போது அது ஆம்பூரில் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறதாம். கோவளத்தில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இனி யாரும் இல்லை, அது நினைக்கும்போதெல்லாம் வலிக்கிறது. போன வாரம் அக்காவின் மகள் போனில் சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இது என்ன படம், சரியாகவே தெரியவில்லையே என்று கேட்கிறார்களாம். அக்கா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறாராம்:

"அது நான் பாத்த நண்டுதின்னி. ஆனா அது கோணமூக்கு உள்ளான்."